அந்தப் போத்தல் உங்களுக்கு இல்ல

“அலுமாரியில அந்தா இரிக்கே அக்கா! பிறகென்ன தர ஏலாதெண்டு கதைக்கிறீங்க?”

துணிக்கடை றமீஸ் போட்ட சத்தத்தில் பாமசிக்குள் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நான் தலைவலிக்குக் குளிசை வாங்க வந்தவள். அந்தச் சத்தத்தில் தலைவலி இன்னும் கூடிப் போனது.

“இருக்கு தம்பி. ஆனா அது உங்களுக்கு வேணாம்,” என்றா பாமசிக்கார றஞ்சிதமலர்.

“வேணாமா? என்ட உம்மா எலும்பு தேஞ்சி எழும்ப ஏலாமக் கிடந்தவ. கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த நல்ல கப்சூல் எண்டு போன்ல தேடிப் பாத்து, நான்தானே உங்களைக் கொண்டு இதை எடுப்பிச்ச? மூணு மாசமாக் குடுக்கன். இப்பதான் மனிசி சுவரைப் பிடிச்சி நடக்கா. இண்டைக்கு வேணாமாம்!”

“கோவிக்காதீங்க தம்பி. இந்தக் குளிசையைக் கொண்டு போங்க. இதுலயும் அந்த ரெண்டும்தான் இருக்கு. உம்மாட டொக்டரிட்டயும் கேட்டுட்டன். விலையும் குறைவு.”

அந்த நேரம் பார்த்து வங்கியில் வேலை செய்யும் கேதீஸ்வரன் உள்ளே வந்தார். றமீஸ் கேட்ட அதே போத்தலைக் காட்டினார். அவவும் ஒரு கதையும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தா!

அல்லாஹ்வே, எனக்கே பத்திக்கொண்டு வந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மற்றக் கண்ணுக்குச் சுண்ணாம்பா?

றமீஸ் விடுவாரா?

“ஓஹோ! நல்ல சாமான் உங்கட ஆக்களுக்கு, விலை குறைஞ்சது எங்களுக்கு! அப்பிடித்தானே?”

றஞ்சிதமலரின் முகம் கறுத்துப் போனது. குளிசைப் பெட்டியைத்தான் திரும்பவும் நீட்டினா.

“கதைக்க வாயில்ல, பாருங்க!” றமீஸ் போனைத் தூக்கி அலுமாரியை வீடியோ எடுத்தார். “இண்டைக்கே பேஸ்புக்குல போடுறன். இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் இந்தக் கடை வாசப்படி மிதிக்க மாட்டாங்க!”

வீட்டில் உம்மாவின் மருந்து முடிந்திருக்க வேண்டும். றஞ்சிதமலர் நீட்டிய குளிசையைப் பறித்துக்கொண்டு, காசை மேசையில் எறிந்துவிட்டுப் போனார்.

ஆக்கள் கலைந்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வாய், சும்மா இருக்குமா?

“உங்களை நான் இப்பிடி நினைக்கல்ல அக்கா. மருந்துலயுமா ஆள் பாக்குற? வெக்கமில்லையா?”

அவ அலுமாரியில் இருந்த அந்தப் போத்தல் ஒன்றைத் திறந்து, ஒரு கப்சூலை எடுத்து மேசையில் வைத்தா.

“இந்த உறை எதுல செஞ்சதெண்டு கம்பனிக்கு எழுதிக் கேட்டிருந்தன் டீச்சர். இண்டைக்குக் காலையிலதான் பதில் வந்திச்சு. பன்றித் தோல்ல இருந்து எடுத்த ஜெலற்றினாம்.”

கப்சூலைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

“யா அல்லாஹ்! அதை அவர்ட்டச் சொன்னா முடிஞ்சிதானே! என்னத்துக்கு இவ்வளவு ஏச்சும் வாங்கின?”

“எப்பிடிச் சொல்லுற டீச்சர்? மூணு மாசமா அந்தப் புள்ள ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி, தன்ட கையால உம்மாட வாயில வச்சது இதைத்தானே.”