எந்த மாதம் போவது

“ஜூன் வேணாம்” என்றாள் ராத்தா.

நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினேன். நாற்பத்தொரு நாளாக என் அக்கா எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். ஆனால் இந்த வேண்டாம் வேறு மாதிரி இருந்தது.

“ஏன் ராத்தா? ஜூன்ல சூரியனே மறையாதாம். ராவு பன்னெண்டு மணிக்கும் வெயிலாம்.”

“அப்ப மஃரிபு எப்பத் தொழுற?”

சூரியன் மறைந்த பிறகு தொழுகிற தொழுகைக்குப் புத்தகத்தில் நேரம் போட்டிருக்கவில்லை.

வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு. அங்கே எந்த மாதம் போனால் எதைப் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் படங்களோடு போட்டிருந்த மெல்லிய புத்தகம் அது. கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வந்த வெள்ளைக்காரச் சோடியொன்று, படகோட்டிப் போன ராத்தாவின் புருஷன் ஸஜீத் மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனது. மச்சான் அதை எனக்கும் ராத்தாவுக்கும் நடுவில் போட்டார்.

“மாசத்த நீங்க ரெண்டு பேரும் முடிவெடுங்க. கூட்டிக்கொண்டு போறது என்ட பொறுப்பு.”

நாங்கள் முடிவெடுக்கவேயில்லை. செப்டெம்பர் கடைசியில், டொல்பின் சீசன் தொடங்குவதற்கு முன்பே, நெஞ்சு நோகுது என்று படுத்த மச்சான் எழும்பவில்லை.

அன்றிலிருந்து ராத்தா இத்தாவில் இருக்கிறாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். மௌலவியின் பெண்சாதி வந்து, ராத்தாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனா. நான் கலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நூற்றிருபத்தெட்டுக் கட்டம் கீறி, நாளுக்கொன்றாக வெட்டி வருகிறேன்.

ராத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. மீன் ஆணத்தின் வாசம் பட்டாலே பீங்கானைத் தள்ளிவிடுகிறாள். படகுக்காரன் பெண்சாதிக்கு மீன் வெறுத்துப்போச்சே என்று உம்மா குசினியில் நின்று அழுகிறா.

“அஞ்சு வக்துத் தொழுகையில ஒண்டையும் விடுறாளில்ல. எனக்கு அது மட்டும்தான் ஆறுதல்” என்று பார்க்க வருகிற பெண்களிடமெல்லாம் சொல்கிறா. அவர்களும் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இருபத்துநாலு வயது ராத்தாவுக்கு இனி எதிலாவது ஆசை வருமா, வராமலே போய்விடுமா என்பதுதான் உம்மாவின் பயம். என்னுடைய பயமும் அதுதான். அதனால்தான் இன்று அஸர் தொழுத கையோடு அலுமாரியைத் திறந்து இந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

“சரி, டிசம்பர்? நாலு மாசம் கிட்ட சூரியனே வராதாம். வானத்துல பச்ச வெளிச்சம் ஓடுமாம்.”

“இருட்டுல இரிக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? அத இங்கயே செய்யலாமே.”

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.

“மார்ச். நாய் பூட்டின வண்டியில பனிக்கு மேல போகலாமாம்.”

“நாயா? உடுப்புல பட்டா ஏழு தரம் கழுவணும். அந்தக் குளிர்ல நீயா கழுவித் தருவ?”

“நாய் முன்னுக்கு ஓடும் ராத்தா. நாம பின்னுக்கு இரிப்பம்.”

“அப்ப வால்?”

சிரித்துவிட்டோம். குசினியில் அகப்பைச் சத்தம் நின்றுபோனது. உம்மா காது கொடுக்கிறா என்று விளங்கியது.

எனக்குத் துணிவு வந்துவிட்டது. மடியில் அட்டையை வைத்து விரலால் கணக்குப் பார்த்தேன்.

“மார்ச் கடைசிதான் சரி. அவங்கட இருட்டு பெப்ரவரியில முடியுது. உங்கட இத்தாவும் பெப்ரவரியில முடியுது. பெருநாளும் முடிஞ்சிரும். போவமா?”

ராத்தாவின் சிரிப்பு நின்றது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி ஜூனில் நிறுத்தினாள். அந்தப் படத்தில் ஒரு பெண் வாசலில் கதிரை போட்டு, வெயிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அதிகாலை இரண்டு மணி என்று கீழே எழுதியிருந்தது.

“ஜூன்லயே போவம்.”

“மஃரிபு?”

“மஃரிபு என்ன, சுபஹு என்ன. எப்பிடியும் அந்த மாசம் எனக்கு ராவும் பகலும் ஒண்டுதான். ரெண்டு மணிக்கு இவ மாதிரி முழிச்சிக்கொண்டுதான் இரிப்பேன்.”

“நித்திர வராதா?”

“விடமாட்டாங்க.”

யார் விடமாட்டார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ராத்தா நாடியை நீட்டி என் மடியில் கிடந்த அட்டையைக் காட்டினாள்.

“அந்தக் கட்டம் காணாது ஸும்றா. மௌலவிட பெண்சாதி கேட்ட நேரம் எனக்கே தெரியாது. இன்னும் கீறணும்.”

“எத்தின?”

“ஜூன் வரைக்கும்.”

வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு நாலு மாதம் பத்து நாள் என்ற கணக்கே இல்லை. பிள்ளை பிறக்கிற அன்றைக்குத்தான் அவளுடைய இத்தா முடியும்.

நாற்பத்தொரு நாள். ஒரு வக்துகூட விடவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பெண்கள்தான். மாதத்தில் சில நாள் தொழுகையை விட வேண்டியவர்கள்தான். ஒருவருக்கும் தோன்றவில்லை. உம்மாவுக்கும் தோன்றவில்லை.

நான் பென்சிலை எடுத்தேன். அட்டையில் இடம் போதவில்லை.

“என்னடி ரெண்டு பேரும் சிரிச்சீங்க?” என்று குசினியிலிருந்து உம்மா கேட்டா.

“நீ கீறு. உம்மாட்ட நானே சொல்றேன்” என்று ராத்தா எழும்பினாள்.

அடுப்பில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள்.