பின்னால் வந்த வண்டி

"கடைசியா வாரதுக்கு எதுக்கு இந்தப் பிள்ளை மெனக்கெட்டு கார் ஓட்டுது?"

தமீம் அன்சாரி கேட்டதும், ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

திருச்சுழி ரோட்டில் ஒரு தரிசுக் காட்டைச் சமப்படுத்தி, மாதம் ஒரு ஞாயிறு கார் ரேஸ் நடத்துகிறார் இருளாண்டி. எல்லாம் பழைய மாருதி. ஓட்டுகிறவர்களும் ஆசைக்கு ஓட்டுகிறவர்கள்தான். அன்சாரிக்கு ஊர் வீரசோழன். சவுதியில் வருஷக்கணக்காக டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்தவர். ரேஸுக்குப் புதுசு. ஆனாலும் நாம பார்க்காத ரோடா என்கிற மிதப்பு இருந்தது.

அவர் சொன்ன பிள்ளை யுவராணி, பாலவனத்தத்துக்காரி. முப்பது வயசு இருக்கும். ரேஸுக்குப் புதுசாய் யார் வந்தாலும் அவர் பின்னாலேயே ஊர்ந்து வருவாள். தானும் முந்த மாட்டாள், பின்னால் வருகிறவனுக்கும் லேசில் வழி விட மாட்டாள். எரிச்சலாய் இருக்குமா இருக்காதா?

அன்றைக்கு அன்சாரியிடம் அவளாகவே வந்தாள்.

"அண்ணே, முதல் சீசன்ல ஜெயிக்கணும்னு நெனைக்காதீக. முழுசா ஓட்டி முடிச்சு இறங்குனாப் போதும். தூசிக்குள்ள முன்னால போற வண்டி லைட்டைப் பாத்து ஓட்டாதீக. அவன் தப்பாப் போனா நீங்களும் போயிருவீக."

"ஏம்மா, சவுதி மணல் காத்துல அந்த லைட்டைப் பிடிச்சுத்தான் நான் உசுரோட ஊர் வந்து சேந்தேன். நீ போயி உன் வண்டியப் பாரு."

"சரிண்ணே. தோள் பெல்ட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கங்க."

டிராக்டர் தெளித்துவிட்டுப் போன தண்ணீர் அந்த வெயிலில் எங்கே நிற்கும்? இரண்டாவது ரவுண்டிலேயே ஓரத்து வேலிக்கருவைகூடத் தெரியாத அளவுக்குத் தூசி. அன்சாரி முன்னால் தெரிந்த சிவப்பு லைட்டையே பிடித்துக்கொண்டு போனார். வளைவில் அந்த லைட்டு தடம் மாறியது. இவரும் மாறினார். கார் ஒரு சுற்று சுற்றிக் குறுக்கே நின்று, இன்ஜினும் அணைந்துவிட்டது.

பின்னால் வண்டிகள் வரும் சத்தம். அன்சாரி 'யா அல்லாஹ்' என்று சாவியைத் திருகினார். எங்கேயோ ஒரு ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. எதுவும் வந்து மோதவில்லை. ஒருவழியாய் ஸ்டார்ட் ஆனது. தூசி அடங்குவதற்குள் கிளம்பிவிட்டார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

ஓட்டி முடித்து இறங்கினால், ஒரே சண்டை.

"நடு டிராக்குல வண்டியக் குறுக்கப் போட்டு ஹாரன் அடிக்குது. நாங்க எல்லாம் பிரேக் அடிச்சு நின்னோம். ஏன் நிறுத்துனேன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குது" என்று யுவராணியைக் காட்டிக் கத்தினான் ஃபைசல். அவனும் ரேஸ் ஓட்டுகிறவன்தான்.

யுவராணி அன்சாரியை ஒருதரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்சாரியும் சொல்லவில்லை. சவுதி டிரைவர் சுத்தி நின்னுட்டாராம் என்று நாளைக்கு எவனாவது சிரிப்பானே.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இவரோடு ஓட்ட முடியாது என்று மற்ற எல்லோரும் கை தூக்கினால், அந்த சீசன் முழுக்க அவர் ஓட்டக் கூடாது. ஒருத்தர் தூக்காவிட்டாலும் அது செல்லாது.

"நல்லா யோசிச்சுத் தூக்குங்கப்பா" என்றார் இருளாண்டி.

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாக அன்சாரியின் கை.

யுவராணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"வாரேண்ணே. அடுத்த மாசம் புதுசா வாரவுகள மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று இருளாண்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்சாரிக்கு மனசு கேட்கவில்லை. ஆட்கள் கலைந்ததும் இருளாண்டியிடம் போனார்.

"அந்தப் பிள்ளைக்கு நெசமாவே ஓட்டத் தெரியாதா?"

"கப்பு வாங்குன பிள்ளை பாய் அது. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. இனிமே என்ன, சொல்றேன். அதோட புருஷன் ராஜபாண்டிக்கு அப்ப முதல் சீசன். வேற ஊரு டிராக்கு. தூசிக்குள்ள வண்டி சுத்திக் குறுக்க நின்னுருச்சு. பின்னால வந்த வண்டி அதே வேகத்துல கதவுல அடிச்சிருச்சு. அந்த இடத்துலயே போயிட்டான்."

அன்சாரி மெதுவாகக் கேட்டார்.

"பின்னால வந்தது யாரு?"

இருளாண்டி, யுவராணியின் கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளைதான் பாய்."