நான்கு கேமரா, ஒரு பிச்சிப்பூ

பூதப்பாண்டிப் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில், சோதனை மேசைக்கு மேல் நான்கு கேமராக்கள் உண்டு. நான்கும் எடுப்பதைக் கம்ப்யூட்டர் ஒரே படமாக ஒட்டித் தரும். கேமராக்கள் சபிதாவின் பொறுப்பு. அவள் கணவன் ஹரிகுமாருக்கும் அங்கேதான் வேலை.

அப்படி ஒட்டிய படமொன்றை அவன் முன்னால் நீட்டினாள். இடது பாதியில் பேக்கிங் பிரிவு அஸ்வதியின் பின்னல். வலது பாதியிலிருந்து நீண்ட ஹரிகுமாரின் கை அதில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு ஒரு முழம் பூ வாங்காத கை.

"இது என்ன அத்தான்?"

அவன் சிரித்தான். "ஏட்டி, நாலு கேமராவும் நாலு நேரத்துல எடுக்குன்னு நீதான பொலம்பிட்டு கெடந்த? அவ போன பொறவுதான் நான் வந்தேன். மேசையில கெடந்த பூவை எடுத்தேன். கம்ப்யூட்டர் ரெண்டையும் சேத்து ஒட்டியிருக்கு, கேட்டியா?"

"நாலும் ஒரே நேரத்துல எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா நீ என்ன வேணும்னாலும் கேளு. நான் வாயைத் தெறக்க மாட்டேன்."

சபிதா தலையாட்டினாள்.

"இது நேத்து எடுத்த படம். முந்தாநாளு நீங்க லீவு போட்டீங்கல்லா, அன்னைக்கே நாலு கேமராவையும் ஒரே வயர்ல சேத்துட்டேன். இப்ப நாலும் ஒண்ணுபோல கண்ணைத் தெறந்து ஒண்ணுபோல மூடுகு."

ஹரிகுமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வாயைத் திறக்கவே இல்லை.