ஒரே சட்டியில்

யூலானின் கழுத்துக் கழலைக்குச் சீன வைத்தியர் கடற்பாசி கொடுத்திருந்தார். இருமலுக்கு அவளாகவே அதிமதுரம் வாங்கிவந்தாள். அலமாரியில் அருகருகே இருந்த இரண்டும் சிநேகிதிகளாகிவிட்டன. ஒருநாள் யூலான், தனித்தனியாகக் காய்ச்சச் சோம்பல்பட்டு, இரண்டிலும் பாதியை ஒரே சட்டியில் போட்டாள்.

“ஒருவழியா சேர்ந்துட்டோம்டி!” என்று கடற்பாசி அதிமதுரத்தைக் கட்டிக்கொண்டது.

கஷாயத்தைக் குடித்த யூலான் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள். வைத்தியர் ஓடிவந்து காப்பாற்றினார். “ரெண்டும் நல்ல மருந்துதாம்மா. ஆனா சேர்ந்தா ஆகாது. முதல்ல இருமல் தீரட்டும்” என்றார்.

அலமாரியில் மிச்சமிருந்த அதிமதுரம் அழுதது. “நாம கெடுதல் நினைக்கலையேடி!”

“நினைக்கலைதான். ஆனா அவ விழுந்துட்டாளே” என்றது கடற்பாசி.

யூலான் தேறியதும் அதிமதுரம் மட்டும் சட்டியில் இறங்கியது.

“நல்லா கொதிடி, அவ இருமல் நிக்கட்டும்” என்று கடற்பாசி அலமாரியிலிருந்தே வழியனுப்பியது.