அவன் வரிசை

ஆக்லாந்து மழை சன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்கிறது. அறக்கொடைச் சட்ட வகுப்பு. மகனைப் புதைத்த பிறகு எங்கள் பேராசிரியர் ஹெதர் பாடம் நடத்த வந்திருக்கும் முதல் நாள் இது. மேசைமேல் கிடக்கும் அவர் பைக்குள்ளிருந்து தோட்டக் கையுறையின் விரலொன்று மண் காயாமல் எட்டிப்பார்க்கிறது. "ஒரே ஒரு கல்லறையப் பாத்துக்கச் சொல்லிச் சொத்து எழுதி வெச்சா, சட்டத்துல அது தர்மம் ஆகாது," என்கிறார், ஏற்ற இறக்கமில்லாத குரலில். "கல்லறைத் தோட்டம் முழுசுக்கும்னா ஆகும். ஊருக்குப் பயன்படணும்." எந்த வகுப்பிலும் வாயை அடக்காத மலகாய் கடைசி பெஞ்சிலிருந்து கத்துகிறான்: "அப்போ நம்மாளு ஒருத்தருக்காக ஊர்ப் பொணத்துக்கெல்லாம் களை புடுங்கணுமாக்கும்!" நாலைந்து பேர் சிரித்துவிடுகிறார்கள். சட்டென்று அவனுக்கு உறைக்கிறது, வாயைப் பொத்திக்கொள்கிறான். ஹெதர் பேனா மூடியைக் கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார். "ஆமாப்பா. ஞாயித்துக்கிழமை அதத்தான் செஞ்சிட்டிருந்தேன். எம் பையன் இருக்கற வரிசைய மட்டுந்தான் முடிக்க முடிஞ்சுது." மழை வலுக்கிறது. மலகாய் மெல்ல எழுந்து நிற்கிறான். "நாளைக்கு எங்க வீட்டாளுங்களோட வர்றேன், ஹெதர். எந்த வரிசையிலேர்ந்து ஆரம்பிக்கணும்?"