அப்பா எடுத்த எதிரணி

"பெத்த பிள்ளையை அடிக்கப் போறவனுங்களையே எடுத்திருக்கான்! இவன்லாம் ஒரு அப்பனா?"

புதன்கிழமை காலை. ஆர்லன் போனை லானெட்டின் முகத்துக்கு நேரே நீட்டினான். பார் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த லானெட் படித்துவிட்டு, "யாரு, மெர்லா?" என்றாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தாள்.

மெர்லேதான்.

அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடாத ஆண்பிள்ளை அபூர்வம். பந்தைக் கையால் எறிந்து, முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ ஆட்டக்காரர்களைப் போனில் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் ஓடினால் இவர்களுக்கு இங்கே புள்ளி. ஓர் அணியின் தடுப்பாட்டக்காரர்களை மொத்தமாகவும் எடுக்கலாம். எதிரணியில் பந்தை எறிகிறவனை அவர்கள் சாய்க்கும்போதெல்லாம் புள்ளி. ஒருவன் எடுத்ததை இன்னொருவன் தொட முடியாது.

ஆர்லனுக்கு இதில் ஒரு சித்தாந்தமே உண்டு. பந்தை வைத்திருப்பவனை அவன் பார்ப்பதே இல்லை. அவனைக் காக்கிற வரிசை, அதை முட்டித் தள்ளுகிற வரிசை, இரண்டை மட்டும்தான் பார்ப்பான். யாருக்கு எதிரே எந்தத் தடியன் நிற்கிறான், யாருக்குக் கால் மெதுவாக நகரும்... அதுதான் ஆட்டம், மற்றதெல்லாம் அலங்காரம் என்பான். சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறான்.

இந்த வாரம் அந்தச் சித்தாந்தத்துக்கு விருந்து. ஓர் அணியில், பந்தெறிபவனைக் காக்கும் இடது ஓரக் காவல்காரனுக்குக் காயம். அவன் இடத்தில் நிற்கப்போவது டானர், மெர்லின் மகன். இந்த ஊரிலிருந்து அவ்வளவு உயரத்துக்குப் போன ஒரே பையன். நல்ல பையன், கால்தான் மெதுவு. எதிரே டென்வர் அணியின் முரட்டுத் தடுப்பு வரிசை. தாக்குப்பிடித்தால் வேலை நிலைக்கும். சொதப்பினால் இரண்டே நாளில் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள்.

ஆர்லன் போனில் டென்வரின் தடுப்பைக் கேட்டான். ஆனால் புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருப்பவனுக்குத்தான் முதல் உரிமை. கடைசியில் இருந்தவன் மெர்ல்.

போதாததற்கு, வாரா வாரம் இருவர் இருவராக மோதும் இந்த ஆட்டத்தில், இந்த வாரம் மெர்லோடு மோதுபவனே ஆர்லன்தான். தோற்றால் மெர்லுக்குக் கடைசி இடம் உறுதி. கடைசி இடத்துக்காரன் டிசம்பர் பனியில், தானியக் கிடங்கு முக்கில், 'எனக்கு ஃபுட்பால் தெரியாது' என்ற பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

"பலகைக்குப் பயந்து பையனை வித்துட்டான்," என்றான் ஆர்லன்.

"நீயும்தானே டென்வரைக் கேட்டே?"

"நான் அவன் அப்பன் இல்லையே!"

ஞாயிறு மதியம் பாரில் கூட்டம் நெரிந்தது. மெர்ல் வந்தபோது யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. ஆர்லனுக்குப் பக்கத்து ஸ்டூல் மட்டும் காலி.

"வாப்பா வியாபாரி! பையன் நின்னா பெருமை, விழுந்தா புள்ளி. ரெண்டு பக்கமும் உனக்குத்தான் லாபம்."

மெர்ல் ஒரு பீர் மட்டும் சொன்னான்.

"போனைப் பாக்கலையா நீ?" என்றான் ஆர்லன்.

"நீ பாக்கறியா?"

"தெரியாத மாதிரி கேக்காதே. ஆட்டம் முடியறதுக்குள்ள ஸ்கோர் பாத்தா எனக்கு ராசி கெட்டுடும்." வழக்கம்போல் போனைக் கவிழ்த்து வைத்தான்.

டிவியில் ஆட்டம் தொடங்கியது. தொடக்கத்திலேயே டானர் தடுமாறினான். டென்வர்க்காரன் அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தெறிபவனைச் சாய்த்தான்.

'மெர்லுக்குப் புள்ளி,' என்று ஆர்லன் பல்லைக் கடித்தான். "டேய், காலை நகத்துடா!"

அடுத்து டானரே விழுந்தான்.

"இடுப்பைத் தாழ்த்துடா! பனிப் பொம்மை மாதிரி நிக்கறான் பாரு!"

ஒரே ஒரு தடவை டானர் அசையாமல் நின்றான். ஆர்லன் மேஜையைக் குத்திக் கூவினான். பின்னாலிருந்து யாரோ, "ஏன் ஆர்லன், அவன் உன் பையனா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த தடவை ஆர்லன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "ஆண்டவரே, இந்த ஒரு தடவை அவன் விழாம இருக்கட்டும்."

ஆண்டவர் வேறு ஏதோ வேலையில் இருந்தார். டானர் மல்லாந்து விழுந்தான்.

இடைவேளைக்குப் பிறகு அவனை இறக்கவில்லை. கேமரா ஒரு தடவை காட்டியது: ஓரத்தில் தனியாக, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காட்சி மாறும்வரை மெர்ல் கண்ணை எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துடுவான்," என்றான், யாரையும் பார்க்காமல்.

ஆட்டம் முடிந்தது.

"உனக்கென்னப்பா, பலகையிலிருந்து தப்பிச்சுட்டே," என்றபடி ஆர்லன் போனைத் திருப்பினான்.

திருப்பியவன் அப்படியே நின்றான். ஜெயித்திருந்தது அவன். அதுவும் கொஞ்சப் புள்ளி வித்தியாசத்தில்.

மெர்லின் அணியைத் திறந்து பார்த்தான். தடுப்புக்கு இறக்கியிருந்தது ஏதோ ஒரு சோப்ளாங்கி அணியை. எடுத்த டென்வரைப் போனில் வெளியே உட்கார வைத்திருந்தான். அப்படி உட்கார வைத்தவர்கள் மைதானத்தில் என்ன செய்தாலும் புள்ளி கிடையாது.

"டேய்... டென்வரை நீ இறக்கவே இல்லையா? இறக்கியிருந்தா ஜெயிச்சிருப்பேடா!"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடா எடுத்தே?"

மெர்ல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான்.

"நான் எடுக்கலைன்னா நீ எடுத்திருப்பே. அவன் விழ விழ, இதே ஸ்டூல்ல உக்காந்து கை தட்டியிருப்பே." ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். "இன்னிக்கு அவன் விழக் கூடாதுன்னு என்னோட சேந்து நீயும் வேண்டிக்கிட்டேல்ல, ஆர்லன்?"