காணாமல் போன ஃபைல்

“என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சே மச்சான்.”

“அப்ப பல்வலின்னு வர்றவங்களை எல்லாம் உங்க வீட்டுக்கே அனுப்பிடட்டுமா மாப்ளே?” என்றார் பல் டாக்டர்.

நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் புரோகிராம். தங்கை புருஷன் மெனக்கெட்டு எழுதியது. கிளினிக் கம்ப்யூட்டரில் போட்டதும், ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது.

“புரோகிராம் எழுதுற சாமானெல்லாம் என் மெஷின்ல இருக்கு. அதோட வர்ற துணை ஃபைல்களும் அங்கேயே இருக்கு. இங்க அது எதுவும் இல்ல. நான்தான் சேர்த்துக் கட்டி எடுத்துட்டு வந்திருக்கணும். மறந்துட்டேன்.”

“பல் செட்டைக் குடுத்துட்டு, ஈறை வீட்லயே வெச்சுட்டு வந்திருக்கீங்க.”

வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளிகூடச் சிரிக்கப் பார்த்தார்.

“சட்டுனு முடிங்க மாப்ளே. இது ஓடிட்டா முன்னால உட்கார ஆளே வேண்டாம்.”

முன்னறையில் போனில் யாருக்கோ நேரம் சொல்லிக்கொண்டிருந்த பெண், ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை மறுபடியும் வந்து போட்டுப் பார்த்தார். வேறொரு ஃபைலைக் காணோம். அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

மச்சானுக்குக் கொண்டாட்டம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும், “மாப்ளே, சட்டையை மாட்டிட்டு வந்துட்டீங்க, பட்டனெல்லாம் இருக்கான்னு பார்த்தீங்களா?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பொரிந்து தள்ளினாள். “எங்க அண்ணன் உங்க மானத்தை வாங்குறாரு, நீங்க இளிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வருஷக்கணக்கா இதே வேலைதானே பார்க்குறீங்க?”

“சொல்லிட்டுப் போறாரு விடு” என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் முன்னறைப் பெண் டாக்டரிடம் வந்தாள். “கண் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு சார். நாளைக்கே சேரச் சொல்றாங்க.”

டாக்டர் பதறிப்போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வந்தார், பென் டிரைவைச் செருகினார். டாக்டர் கை கழுவிவிட்டு வருவதற்குள் புரோகிராம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஒருவழியா ஃபைல் கிடைச்சிடுச்சாமே? அண்ணன் சொன்னாரு. எங்கதான் இருந்துச்சு?” என்று சாயங்காலம் மனைவி கேட்டாள்.

“என் பையிலதான். ரெண்டாவது வாரமே எடுத்து வெச்சிட்டேன்.”

“அப்ப இத்தனை நாளா என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“அந்தப் பொண்ணுக்கு வேலை தேடிக்கிட்டு இருந்தேன்.”